வாளுக்கும் ஒரு டிக்கெட்

குடையா சார் என்று கண்டக்டர் கேட்டபோது ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இவ்வளவு நீளமான குடை எந்த ஊரில் விற்கிறது என்று அடுத்த கேள்வி வந்திருக்கும், அதற்கும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், ஆனால் என் வாய் அவசரத்தில் உண்மையைத்தான் முதலில் சொல்லித் தொலைக்கும். வாள் என்றேன். "என்னது?" "வாள்." அவர் என் வெள்ளைச் சட்டையையும் மடியில் இருந்த டிபன் டப்பாவையும் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தியிருந்த பூப்போட்ட போர்வைச் சுருளையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரிதான். குதிரைய எங்க கட்டிட்டு வந்தீக, பஸ் ஸ்டாண்டிலயா?" என்றார். முன் சீட்டில் மல்லிகைக் கூடையோடு இருந்த பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். லக்கேஜ் டிக்கெட் ஒன்று கிழித்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக இதற்கென்று ஒரு டிக்கெட். இத்தனை வருஷமும் கோயிலிலிருந்து கார் வரும், பின் சீட்டில் பட்டு விரித்து இதைப் படுக்க வைப்பார்கள், நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்காருவேன். இது பயணி, நான்தான் லக்கேஜ். இந்த வருஷம் கார் வேண்டாமென்று நானே சொல்லிவிட்டேன். கார் வந்தால் முதலில் அண்ணன் வீட்டு வாசலில்தான் நிற்கும், அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்ப்பார், பார்த்தால் இது தெரிந்துவிடும். திருடிக்கொண்டு போகிறவன் மாதிரி போகிறேன். என் வீட்டு பீரோவில் பதினாலு வருஷமாக இருப்பதை நானே திருடிக்கொண்டு போகிறேன்.

வேண்டாம் என்று தெளிவாகத்தான் சொன்னார். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தாலும் அண்ணன் குரலில் ஒரு பிசிறு இல்லை. மூன்று நாளைக்கு முன்னால், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது. "இந்த வருஷம் வாள் வேண்டாம்ல. நீயே போயித் தலையக் குடு." நார் என் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, முறைன்னு ஒண்ணு இருக்குல்லா." "நான் சொல்லுததுதாம்ல முறை." அப்புறம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆரஞ்சு வாங்கவில்லை, நானே தின்றேன், புளித்தது. ஆவுடைக்கோட்டைத் தேர் நகர்வதற்கு முன்னால் எங்கள் வம்சத்தில் பட்டம் கட்டியவர் தலையில் பட்டர் பரிவட்டம் கட்டுவார், அம்பாள் உடுத்திக் களைந்த பட்டு, அதைக் கட்டிக்கொண்டுதான் தேர் வடத்தைத் தொட்டுக் கொடுக்க வேண்டும், தொட்ட பிறகுதான் ஊர் இழுக்கும். பட்டத்துக்காரர் வர முடியாவிட்டால் அவருடைய வாள் வரும், பரிவட்டத்தை வாளின் கைப்பிடியில் கட்டுவார்கள், கூடப்பிறந்தவன் அதை ஏந்தி நிற்பான். ஏந்தி நிற்பவனுக்கு ஒன்றும் கிடையாது, ஒரு வாழைப்பழம் தருவார்கள். ஜமீன் போய், அரண்மனை பள்ளிக்கூடமான பிறகு அண்ணன் அந்த ஊருக்குள் காலெடுத்து வைக்கவில்லை. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் இடத்தில் எப்படிப் போய் நிற்பது என்பார். ஆக, வாள்தான் போயிற்று. நான்தான் ஏந்தினேன். தேருக்கு மட்டுமா. பள்ளி ஆண்டு விழாவுக்கு, யாரோ ஒரு தாசில்தார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு, ஒரு தடவை ரைஸ் மில் திறப்பு விழாவுக்குக்கூட. மில்லுக்காரர் கத்தரிக்கோல் எடுத்து வர மறந்துவிட்டு இதாலேயே வெட்டுங்கள் என்றார், வெட்டினேன், ரிப்பன் நாலாவது இழுப்பில்தான் அறுந்தது. எனக்குத் தெரிந்து இந்த வாள் வெட்டிய ஒரே பொருள் அந்த ரிப்பன்தான்.

வேண்டாம் என்று சொன்னவரை நம்பலாமே, அதில் என்ன கஷ்டம் என்கிறாள் பாக்கியம். என் மனைவிக்கு எல்லாமே சுலபம். காலையில் போர்வையை உதறிக்கொண்டே, "அவுக வேண்டாம்னுட்டாக. பெறகு எதுக்கு இந்தக் கம்பியத் தூக்கிட்டு அலையுதீக?" என்றாள், சொல்லிக்கொண்டே அவள்தான் நன்றாக இறுக்கிச் சுற்றி, இரண்டு இடத்தில் நாடாவால் முடிச்சும் போட்டுக் கொடுத்தாள், பிள்ளைக்குச் சட்டை போட்டுவிடுவது மாதிரி. அவளுக்கு நாற்காலி விஷயம் தெரியும், ஆனால் அவள் அதை நின்று பார்த்தவள் இல்லை. அப்பாவின் தர்பார் நாற்காலி, சிவப்பு வெல்வெட், கைப்பிடியில் இரண்டு சிங்க முகம், ஒரு சிங்கத்துக்குக் காது உடைந்திருக்கும். எனக்கு ஆறு வயது, அண்ணனுக்குப் பதிமூன்று. கூடத்தில் யாரும் இல்லை. "உக்காருல. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்." உட்கார்ந்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. வெல்வெட் தொடையில் குறுகுறுத்தது நன்றாக நினைவிருக்கிறது, அந்தக் காது உடைந்த சிங்கத்தின் தலையைத் தடவினேன், அவ்வளவுதான், அப்பா வாசலில் நின்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவே இல்லை, அண்ணன் அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அடிக்கவில்லை அப்பா. பொழுது சாயும்வரை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், சாமரம் வீசுகிறவன் நிற்பதுபோல, உட்காரக் கூடாது, சாயக் கூடாது. மத்தியானம் அண்ணன் ஒரு மாங்காய்க் கீற்றைக் கொண்டு வந்து என் வாயில் திணித்துவிட்டு ஓடிப்போனார். உப்பு, மிளகாய்ப் பொடி எல்லாம் போட்ட கீற்று. அது கேலியா இரக்கமா என்று இன்றைக்குவரை எனக்குத் தெரியாது. இரக்கம்தான் என்று தெரிந்திருந்தால் இந்த வாள் இப்போது பீரோவில் இருந்திருக்கும். நீயே போயித் தலையக் குடு. உக்காருல. ஒரே குரல்தானே. நாக்கில் அந்த மிளகாய் உறைக்கிறது, ஐம்பத்தேழு வருஷம் கழித்து, ஆலங்குளம் தாண்டுகிற பஸ்ஸில்.

பஸ் நின்றுவிட்டது. ரயில்வே கேட். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி பீடி பற்ற வைக்கிறார். ஏழு ஐம்பது. தேர் ஒன்பது மணிக்கு. "ஆவுடைக்கோட்டைத் தேருக்கா சார்?" என்கிறார் பக்கத்தில் இருக்கிறவர், வேட்டி மடிப்புக்குள் பிதுங்கும் பெரிய வயிறு, இவ்வளவு நேரம் தூங்கி என் தோளில் சாய்ந்துகொண்டிருந்தவர். ஆமாம் என்கிறேன். "இன்னும் அந்த ராஜா குடும்பத்துக்காரன் வந்து தொட்டாத்தான் தேர் நகருமாம்லா? அவன் பஸ்ஸு கிடைக்காம எங்கயாவது நின்னாம்னா சாமி வெயில்லயே நிக்கணும்." நான் திரும்பவில்லை. திரும்பவும் முடியாது, எனக்குக் கழுத்து திரும்பாது, உடம்பு முழுவதையும் சேர்த்துத்தான் திருப்ப வேண்டும். எலும்புத் தேய்மானம் என்றார் டாக்டர். தலையில் சுமை ஏதும் தூக்குவீர்களா என்று கேட்டார். இல்லை, நேராக நிற்பேன் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வருஷத்துக்கு ஒரு நாள்தான், ஆனால் மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அதற்குப் பழக வேண்டியிருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? குனியக் கூடாது. எதற்காகவும் குனியக் கூடாது. பத்தொன்பது வயதில் ஒரு தடவை குனிந்தேன், அது போதும்.

குனிந்தது சந்தனத்துக்காக. அதை நான் சத்தியமாகச் சொல்ல முடியும். சொல்ல முடியுமா? ஐம்பத்து நாலாம் வருஷத்துத் தேர், காலேஜ் லீவில் வந்திருந்தேன், அண்ணனுக்குப் பதிலாக முதல் தடவை வாளை ஏந்தி நிற்கிறேன், மேல் துண்டு இல்லாத வெற்று மார்பு, நெற்றி நிறையச் சந்தனம். சித்திரை வெயிலில் அது இளகி வலது கண்ணுக்குள் இறங்கிவிட்டது. எரிச்சல். இரண்டு கையிலும் வாள், துடைக்க முடியாது, ஆகவே தலையைத் தாழ்த்தி என் தோளிலேயே கண்ணைத் தேய்க்கப் பார்த்தேன். பெரிய பட்டருக்கு அப்போதே பார்வை மங்கல், பரிவட்டத்தோடு வந்தவர் முன்னால் ஒரு தலை குனிந்திருக்கிறது, குனிந்த தலையில் கட்டுவதுதானே அவர் பழக்கம், கட்டிவிட்டார். குலவைச் சத்தம் எழும்பியது. மேளம் வேகமெடுத்தது. கட்டிய பரிவட்டத்தை வடம் தொடாமல் அவிழ்க்கக் கூடாது. நான் அதோடு போய் வடத்தைத் தொட்டேன், தேர் நகர்ந்தது, தரை அதிர்ந்தது என் பாதத்தில். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாதது ஒன்று உண்டு. பட்டு என் தலையைத் தொட்டதற்கும் முடிச்சு விழுந்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் இருந்தது. சாமி, வாளுக்கு, என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். கண் எரிச்சல் அதற்குள் நின்றுவிட்டிருந்தது. பட்டில் பச்சைக்கற்பூர வாசம். நான் சொல்லவில்லை. அந்த ஒரு மூச்சு நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, பாக்கியத்திடம்கூட, அப்படியொரு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது, கல்யாணமெல்லாம் அதற்குப் பிறகுதானே நடந்தது. சந்தனத்துக்காகக் குனிந்தவன் என்றால் ஏன் பேசாமல் இருந்தேன்? பட்டுக்காகக் குனிந்தவன் என்றால் கண் எரிந்தது பொய்யா? எரிந்ததே. இரண்டு நாள் சிவந்திருந்ததே. இப்படித்தான், செக்கு மாடு மாதிரி, நாற்பத்து நாலு வருஷமாக இதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லி, அதுவே உண்மை என்று நானும் நம்பிப் போயிருப்பேன். பதினைந்து நாள் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "வால்பாறையில ஒரு எஸ்டேட்ல ஆள் வேணுமாம்" என்றார். அவ்வளவுதான் என் பட்டாபிஷேகம். படிப்பு பாதியில் நின்றது. ஃபீல்டு ஆபீசர் என்று பெயர், தொப்பி, கையில் பிரம்பு, மழைக்கோட்டு, அட்டைப்பூச்சிக்குக் காலில் புகையிலைத் தண்ணீர். ஊரில் நான் சின்னதுரை, அங்கே சின்னதுரை என்றால் அசிஸ்டன்ட் மானேஜர், அது ஒரு குடகுக்காரர், அவர் ஜீப் வந்தால் நான் ஓரமாக ஒதுங்கி நின்று தொப்பியை எடுக்க வேண்டும். எடுத்தேன். ஆனால் குனியவில்லை. என்ன மிஸ்டர் ராஜ், கழுத்தில் சுளுக்கா என்று ஒருநாள் அவர் கேட்டார். இருபத்தெட்டு வருஷம். தேயிலைக் கொழுந்து எப்போது கிள்ள வேண்டும், எப்போது செடியைக் கவாத்து வெட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், கெட்டிக்காரன் என்றே பேர் வாங்கினேன், பனிமூட்டத்துக்குள் பெண்கள் பாடிக்கொண்டு கொழுந்து எடுப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது இது போதும் என்றுகூடத் தோன்றியிருக்கிறது. ஆனால் பங்குனி கடைசியில் தவறாமல் அண்ணனிடமிருந்து ஒரு கார்டு வரும், தேருக்கு வரவும் என்று இரண்டே சொல். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கி வருவேன், வாளை ஏந்துவேன், தூண் மாதிரி நிற்பேன், ஏறிப் போவேன். வேறு யாரையும் ஏந்த விடவில்லை அவர். வேண்டாதவன் என்றால் ஒரேயடியாக விட்டுத் தொலைத்திருக்கலாமே. என் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை, எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்சைக் கட்டுகிறான் என்று கோபம், ஆனால் வாளை அனுப்பியிருந்தார். குமாஸ்தா அருணாசலம் நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே மடியில் வைத்துக் கொண்டு வந்து சேர்த்தார். ஒரு நாற்காலியில் சால்வை விரித்து அதை நிறுத்தி வைத்தோம், நானும் பாக்கியமும் அதன் முன்னால் விழுந்து எழுந்தோம். எழுந்திருக்கும்போது அவள் என் காதில் சொன்னாள், "உங்க அண்ணன் ரொம்ப ஒல்லி." நான் சிரித்ததைப் பார்த்து அருணாசலத்துக்கு மனசே ஆறவில்லை.

ரயில் போகிறது. கேட் திறக்கிறது. சக்கரம் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் குலுக்கலில் கைப்பிடி போர்வைக்குள்ளிருந்து என் தாடையில் இடிக்கிறது. சரி, ஒரு முடிவுக்கு வரவேண்டும், ஊர் வர இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை. வாளை ஏந்தி நின்றால் அண்ணன் சொல்லை மீறியவன். தலையைக் கொடுத்தால், அது சோதனையாக இருந்தால், காத்துக்கொண்டிருந்தவன், அன்றைக்கே ஆசைப்பட்டுத்தான் குனிந்தான், பார் என்று ஆகிவிடும். அதையே நம்பிக்கொண்டு அவர் செத்துப்போவார், அப்புறம் என்னால் யாரிடமும் சொல்ல முடியாது. பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டால்? மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், அறுபத்து மூன்று வயதுக்காரன் மறக்கக் கூடாதா என்ன. நினைப்பு வந்ததுமே பயத்தில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். மல்லிகைக் கூடைக்காரப் பெண் இறங்கத் தயாராகிறாள். காற்றாலைகள், பிறகு குளம், குளத்துக்கு அந்தப் பக்கம் கோபுரத்தை விடக் கொஞ்சமே குட்டையாகத் தேரின் உச்சி, சிவப்பும் வெள்ளையுமாக. பாக்கியம் தந்த இட்லியைத் தொடவே இல்லை. "பெரியவரே, வாள மறந்துராதீக," என்று கண்டக்டர் படியில் நின்று கத்துகிறார், பஸ்ஸே சிரிக்கிறது, நான் வாளை அணைத்துக்கொண்டு இறங்குகிறேன்.

பூக்கடைக்குப் பின்னால் நின்று நாடா முடிச்சை அவிழ்க்கிறேன், பாக்கியம் நர்ஸ் முடிச்சாகப் போட்டிருக்கிறாள், நகம் வலிக்கிறது. சட்டையைக் கழற்றி டிபன் டப்பாவோடு பூக்கடைக்காரரிடம் கொடுக்கிறேன். மார்பில் நரைமுடி. வாளை நிமிர்த்தி ஏந்தியதும் கழுத்து தானாக நிமிர்ந்துவிடுகிறது. கூட்டம் விலகுகிறது, சின்னதுரை வந்தாச்சு என்று யாரோ சொல்ல, யார் அது என்று ஒரு இளவட்டம் கேட்க, வாளு கொண்டாரவருப்பா என்று பதில் வருகிறது. சரியான பதில்தான். தேர் நிழலில் சபாபதி பட்டர் நிற்கிறார், பெரிய பட்டரின் மகன், அவரும் கிழவராகிவிட்டார், என் தோளுயரம்தான் இருப்பார், தாம்பாளத்தில் பட்டு மடித்திருக்கிறது, பச்சைக்கற்பூர வாசம், அதே வாசம். நான் வாளின் கைப்பிடியை வழக்கம்போல அவர் பக்கம் நீட்டுகிறேன். கையே நீட்டிவிட்டது, நான் முடிவு எதுவும் செய்யவில்லை. பட்டர் பட்டை எடுக்கவில்லை. தாம்பாளத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் வாளைப் பற்றுகிறார். நான் விடவில்லை. "விடுங்கோ," என்கிறார் மெதுவாக. "பெரியதுரை நேத்து சாயந்தரம் கோயில் ஆபீசுக்குப் போன் பண்ணினார். நான் வேண்டாம்னு சொன்னாலும் தம்பி வாளைத் தூக்கிண்டுதான் வருவான், அவனைக் கோவிச்சுக்காதீங்கோ, வாங்கி அம்பாள் காலடியில வச்சுடுங்கோன்னார்." என் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கின்றன. வாள் போய்விட்டது. கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் அதே உயரத்தில் நிற்கின்றன. "இன்னொண்ணும் சொன்னார்," என்று பட்டர் சிரிக்கிறார், முன்பல் இரண்டு இல்லை. "அவன் குனிய மாட்டான், நாப்பது வருஷமா அவன் கழுத்து குனியல, என்னாலதான். நீங்க எட்டிக் கட்டுங்கோன்னார். எனக்கு எங்கே எட்டறது? ஏய், அந்த முக்காலிய இப்படிக் கொண்டாங்கோப்பா."

என்னாலதான். அப்படிச் சொன்னாரா? கோயில் போனில், ஆபீஸ் கிளார்க் கேட்க, அவ்வளவு சத்தமாகவா சொன்னார்? மாங்காய்க் கீற்று. மத்தியானம், கூடம் முழுவதும் வெயில், பதிமூன்று வயதுக் கால்கள் சத்தமில்லாமல் ஓடி வருகின்றன, தனக்கென்று வைத்திருந்ததைத்தான் கொண்டு வந்திருப்பார், இல்லையென்றால் ஏன் அதில் ஒரு கடி கடித்திருந்தது. இது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது, கடித்திருந்தது, பல் பதிந்த வளைவு. முக்காலி வந்துவிட்டது. பட்டர் வேட்டியைத் தூக்கிப் பிடித்து ஒரு காலை அதன் மேல் வைக்கிறார், முக்காலி ஆடுகிறது. வேண்டாம் சாமி, இறங்குங்க, என்கிறேன். என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. அவர் இறங்கி, பட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். இன்றைக்கு நெற்றியில் சந்தனம் வைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கண்ணில் எரிச்சல் இல்லை. கை இரண்டும் காலியாக இருக்கின்றன, துடைக்க வேண்டுமானால் துடைத்துக்கொள்ளலாம், துடைக்க எதுவும் இல்லை. அன்றைக்கு எதற்காகக் குனிந்தேன் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. கழுத்துக்குப் பின்னால் ஒரு எலும்பு நெரிகிறது, வலி முதுகுத்தண்டில் இறங்குகிறது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், என் பாதங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, அண்ணே, இப்போது பட்டுக்காகத்தான் குனிகிறேன்.